ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்: வாசகர் கேள்வி - பதில்

அப்ரைசல் முடிந்து, எதிர்பார்த்தது கிடைக்காதவர்கள் வேறு வேலை தேடத் தொடங்கும் நேரம் இது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புது வேலை, சம்பளப் பேச்சு, நோட்டீஸ் பீரியட் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறேன். சிடிசி 4.8 லட்சம். பிஎஃப் 1,800 பிடித்தது போக, மாதம் 35,400 ரூபாய் கைக்கு வருகிறது. சென்னையில் ஒரு நிறுவனம் 7.2 லட்சம் தருகிறது. ‘ஐம்பது பர்சன்ட் ஹைக்’ என்கிறார் ஹெச்ஆர். சம்பளப் பிரிப்பை இணைத்திருக்கிறேன். சென்னைக்குக் குடிபோனால் கட்டுப்படியாகுமா?
- வாசகர், கோவை

7.2 லட்சத்தை 12-ஆல் வகுத்து ‘மாதம் 60,000’ என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சிடிசி என்பது உங்களை வேலைக்கு வைத்திருக்க நிறுவனத்துக்கு ஒரு வருடத்தில் ஆகும் மொத்தச் செலவு. மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்காத இனங்கள் அதற்குள் பல இருக்கும்.

நீங்கள் அனுப்பிய பிரிப்பையே பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் மாதம் 30,000. அதில் 12 சதவீதம், அதாவது 3,600 ரூபாய், நிறுவனத்தின் பங்காக பிஎஃப்புக்குப் போகிறது, வருடத்துக்கு 43,200. இதையும் சிடிசிக்குள்ளேயே காட்டியிருக்கிறார்கள். அடுத்து கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது தரும் பணிக்கொடை, அடிப்படையில் 4.81 சதவீதம், வருடத்துக்கு 17,316. (ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. 15-ஐ 26-ஆல் வகுத்து, அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் இந்த 4.81 வரும்.) நிரந்தரப் பணியாளருக்கு இது ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் கிடைக்கும், மூன்றாம் வருடம் விலகினால் ஒரு பைசா வராது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000. வேரியபிள் பே, அதாவது உங்கள் வேலையையும் நிறுவனத்தின் நிலையையும் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் பங்கு, 72,000.

இந்த நான்கையும் கூட்டினால் 1,44,516 ரூபாய். 7.2 லட்சத்தில் இதைக் கழித்தால் 5,75,484, மாதத்துக்கு 47,957. இதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 3,600 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 என்றால் மாதக் கணக்கில் 208. இந்தச் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வருமான வரி கிடையாது. ஆக, கைக்கு வருவது சுமார் 44,150 ரூபாய். 35,400-லிருந்து 44,150 என்பது 25 சதவீத உயர்வுகூட முழுதாக இல்லை. பிஎஃப்பில் இரு பங்கும் சேர்த்து மாதம் 3,600 ரூபாய் கூடுதலாகச் சேர்கிறது. அது உங்கள் பணம்தான், இழப்பு அல்ல. ஆனால் அதை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது.

கோவையில் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், கூடுதலாக வரும் 8,750 ரூபாயைச் சென்னை வாடகையே விழுங்கிவிடும். இப்போதுள்ள வடிவத்தில் இந்த ஆஃபரைப் பணத்துக்காக மட்டும் ஏற்க நாங்கள் சொல்ல மாட்டோம். ஹெச்ஆரிடம் ‘8 லட்சம் ஆக்குங்கள்’ என்று கேட்பதைவிட, ‘வேரியபிளை ஃபிக்ஸட்டாக மாற்றித் தாருங்கள்’ என்று கேளுங்கள். சிடிசி மாறாது என்பதால் அவருக்கும் ஒப்புதல் வாங்குவது எளிது. உங்களுக்கோ மாதம் 6,000 கூடி, கைக்கு 50,000 ரூபாயைத் தொடும்.

மாற்ற முடியாது என்றால் வேரியபிள் பற்றி நான்கு விஷயங்களைக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். கடந்த இரண்டு வருடமும் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? மாதமா, காலாண்டா, வருட முடிவா? வருடத்தின் நடுவில் சேர்ந்தவருக்கு விகிதப்படி உண்டா? பணம் போடும் நாளில் வேலையில் இருந்தாக வேண்டுமா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஆம்’ என்று பதில் வந்தால், ஏப்ரலில் வர வேண்டிய பதினொரு மாத உழைப்பின் பங்கு மார்ச்சில் விலகுபவருக்கு வராது.

‘எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவு?’ என்று ஹெச்ஆர் போனில் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதிகம் கேட்டால் ஆஃபரையே திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று பயம். எப்படிப் பேசுவது?
- வாசகி, மதுரை

மரியாதையாக ஒருமுறை கேட்டதற்காக ஆஃபரை ரத்து செய்வது மிக அரிது. ரத்தாவதற்குக் காரணங்கள் வேறு: ‘சரி’ என்று சொன்ன பிறகு மறுபடி கேட்பது, ஒவ்வொரு போனிலும் எண்ணை மாற்றுவது, பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி மாட்டிக்கொள்வது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஒரு பதவிக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை தரலாம் என்று ஹெச்ஆர் கையில் ஒரு வரம்பு இருக்கும். முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் அதன் உச்சியில் இருக்காது. வரம்புக்குள் கூட்டித் தர அவராலேயே முடியும். வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் துறைத் தலைவரிடம் காரணம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தக் கதவை அவர் உங்களுக்காக ஒருமுறைதான் தட்டுவார். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே தடவையில் கேளுங்கள். இன்று சம்பளம், நாளை வீட்டிலிருந்து வேலை, மறுநாள் சேரும் தேதி என்று தவணையில் கேட்பவர்மீதுதான் அவருக்குச் சலிப்பு வருகிறது.

போனை எடுக்கும் முன் தாளில் மூன்று எண்கள் எழுதி வையுங்கள்: கேட்கப்போவது, கிடைத்தால் மனம் நிறைவது, இதற்குக் கீழே என்றால் வேண்டாம் என்பது. மூன்றையும் மாத ஃபிக்ஸட் தொகையில் எழுதுங்கள். அதே ஊரில், அதே வேலையில், அதே அனுபவம் உள்ள இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தால் எண்கள் ஓரளவு சரியாக அமையும். அண்ணன் நண்பர் பெங்களூரில் வேறு வேலையில் வாங்கும் சம்பளம் இங்கே உதவாது.

முதல் போனிலேயே கேட்டால், “வேலையின் பொறுப்பை முழுதாகத் தெரிந்துகொண்டு சொல்கிறேன். இந்தப் பதவிக்கு நீங்கள் என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்கலாம். சிலர் விடமாட்டார்கள். அப்போது ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். ‘ஆறிலிருந்து ஏழு’ என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் விழுவது ஆறு மட்டும்தான்.

ஆஃபர் வந்த பிறகு பேசும் முறை இப்படி இருக்கட்டும்: “சார், ஆஃபருக்கு நன்றி. வேலை பிடித்திருக்கிறது, சேரவும் தயாராக இருக்கிறேன். ஃபிக்ஸட் மட்டும் மாதம் 48,000 என்று இருக்கிறது. பில்லிங் மாட்யூலைத் தனியாகப் பார்த்த அனுபவம் எனக்கு இருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பதும் அதுதான். 54,000 ஆக்கித் தந்தால் இன்றே உறுதி சொல்லிவிடுகிறேன்.” இதைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். எதிர்முனையில் நாலைந்து நொடி சத்தம் வராது. அந்த மௌனம் தாங்காமல் “50 கொடுத்தால்கூடப் பரவாயில்லை சார்” என்று நாமே இறங்கிவருவதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் ஆகியவற்றைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். ஹெச்ஆர் மேலே எழுதி அனுப்ப வேண்டிய காரணம் உங்கள் வேலைத் திறன்.

பழைய சம்பளத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்று மாத பே ஸ்லிப், வங்கிக் கணக்கு அறிக்கை, படிவம் 16 எல்லாம் கேட்பார்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் வேலை போகும்.

ஃபிக்ஸட் நகரவே இல்லையென்றால் வேறு சில கேட்கலாம்: ஆறு மாதத்தில் சம்பள மறுஆய்வு என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி, நோட்டீஸ் காலம் முடியும் முன் விலகப் பழைய நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய தொகையை அவர்களே ஏற்பது, ஒரு கிரேடு மேலே. ஜாயினிங் போனஸும் நல்லதுதான். ஆனால் ‘ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்’ என்ற நிபந்தனை கூடவே வரும். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 1 லட்சம் போனஸில் வரியும் செஸ்ஸும் போகக் கைக்கு வருவது 68,800. திருப்பிக் கேட்கும்போது முழு 1 லட்சத்தையும் கேட்பார்கள். ‘பிடித்தம் போகப் பெற்ற தொகை’ என்றோ ‘வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் குறையும்’ என்றோ சேர்க்கச் சொல்லுங்கள்.

கேம்பஸில் தேர்வான மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எல்லோருக்கும் ஒரே சம்பளம்; பேரத்துக்கு இடமில்லை. வேலை ஊர், சேரும் மாதம், பயிற்சிக் காலச் சம்பளம், பாண்டு (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) ஆகியவற்றைத் தெளிவுபடுத்திக்கொண்டால் போதும்.

ஓசூரில் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர். 90 நாள் நோட்டீஸ். புது கம்பெனி 30 நாளில் வரச் சொல்கிறது. ‘எல்ஓஐ’ என்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பேப்பர் போட்டுவிடலாமா?
- வாசகர், ஓசூர்

போடாதீர்கள். எல்ஓஐ என்பது ‘எடுக்க எண்ணியிருக்கிறோம்’ என்ற கடிதம், அவ்வளவுதான். பதவி, வேலை ஊர், சம்பளப் பிரிப்பு, சேரும் தேதி, நோட்டீஸ் காலம் எல்லாம் உள்ள ஆஃபர் லெட்டர் நிறுவனத்தின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வந்து, நீங்கள் ஏற்றுப் பதில் அனுப்பிய பிறகே ராஜினாமா. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்தான் ஆஃபர் உறுதி என்று அதில் இருந்தால், இப்போதைய நிறுவனத்தைத் தவிர மற்றதை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

ராஜினாமா மெயில் மேனேஜருக்கு, நகல் ஹெச்ஆருக்கு. இன்ன தேதியில் விலகல் கடிதம் தருகிறேன், நோட்டீஸ்படி கடைசி நாள் இது, இன்ன தேதிக்குள் விடுவிக்க வேண்டுகிறேன்: இந்த மூன்று வாக்கியம் போதும். காரணம், குறை, நன்றியுரை எதுவும் வேண்டாம். வாய்மொழியாகச் சொன்ன நாள் கணக்கில் வராது. மெயில் போன நாளிலிருந்துதான் 90 ஓடத் தொடங்கும்.

இப்போதைய நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் பகுதியை எடுத்து வாசியுங்கள். ‘நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்’ என்று மட்டும் இருந்தால் பணம் கட்டி விலக வழி உண்டு. ‘நிர்வாகத்தின் விருப்பப்படி’ என்று சேர்ந்திருந்தால் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈடுகட்டுவது அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா என்பதையும் பாருங்கள். மொத்தம் 50,000, அடிப்படை 25,000 என்றால், 60 நாளுக்கு மொத்தச் சம்பளக் கணக்கில் 1 லட்சம், அடிப்படைக் கணக்கில் 50,000. புது நிறுவனம் ஏற்பதாகச் சொன்னால், எவ்வளவு வரை, எந்த மாதச் சம்பளத்தோடு தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நடைமுறையில் சீக்கிரம் விடுவிக்க வைப்பது நல்ல ஒப்படைப்புத் திட்டம்தான். எந்தெந்த லைன், எந்தெந்த வாடிக்கையாளர் புகார், எந்த ஆடிட் தேதி, யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு “45 நாளில் முடித்துத் தருகிறேன்” என்று கேளுங்கள். தொழிற்சாலையில் ஆடிட் முடியும் வரை விடமாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துப் புது நிறுவனத்திடம் தேதி பேசுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது வேண்டவே வேண்டாம். ரிலீவிங் லெட்டர் வராது, பிஎஃப்பில் விலகிய தேதி ஏறாது, அடுத்த இடத்தின் சரிபார்ப்பில் ‘தலைமறைவு’ என்று பதில் போகும். ராஜினாமா கொடுத்ததும் இப்போதைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றால், நீங்கள் விலக நினைத்த காரணம் பணம் மட்டும்தானா என்று யோசியுங்கள். பணம் மட்டும்தான் என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு இருக்கலாம். மேனேஜரோ ஷிஃப்டோ காரணம் என்றால் கூட்டிய சம்பளம் அதைச் சரிசெய்யாது.

கடைசி நாளுக்குப் பிறகு நிலுவைச் சம்பளத்துக்கு 45 நாள் காத்திருக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. இதைக் குறிப்பிட்டுப் பணிவாக ஒரு மெயில் அனுப்புங்கள்.

தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட பாண்டு, மீறினால் 1 லட்சம். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டாம், அம்மா. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுங்கள், சுயசான்றொப்பமிட்ட நகல்களைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு எடுத்து வாருங்கள். நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் அவர்களிடம் சிக்கிவிட்டால், அரசுத் தேர்வு வந்தாலும் வெளிநாட்டு வாய்ப்பு வந்தாலும் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், என்னென்ன சான்றிதழ் என்று பதிவு எண்ணோடு பட்டியலிட்டு, திரும்பத் தரும்படி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அடுத்தது வக்கீல் நோட்டீஸ். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுங்கள்.

பாண்டு விஷயம் கொஞ்சம் வேறு. ‘விலகிய பிறகு வேறெங்கும் இதே வேலை செய்யக் கூடாது’ என்ற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27-இன்படி செல்லாது. ஆனால் ‘இத்தனை காலம் இரு, இல்லையென்றால் இவ்வளவு கட்டு’ என்பது அப்படியே செல்லாததாகிவிடாது. விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகிய அதிகாரி 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் பொதுத்துறை வங்கி. அந்தச் செலவும் சிரமமும் அங்கே கணக்கில் வந்தன. பிரிவு 74-இன்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். பாண்டில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. பயிற்சி எதுவும் தராமல் நேரே வார்டில் நிற்கவைத்த மருத்துவமனை 1 லட்சம் இழப்பு என்று சொன்னால், அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேளுங்கள். காலத்தை ஒரு வருடமாகக் குறைக்க முடியுமா? முடியாதென்றால், வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறையும் என்று எழுத முடியுமா? 24 மாதத்துக்கு 1 லட்சம் என்றால், 18 மாதம் முடித்தவர் 25,000 கட்டினால் போதும் என்றாகும். வெற்றுக் காசோலையிலும் வெற்று முத்திரைத்தாளிலும் கையெழுத்துப் போடவே கூடாது. பாண்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

அக்டோபரில் கம்பெனி மாறினேன். இரண்டு இடத்திலும் வரி பிடிக்கவில்லை. ரிட்டர்ன் போடும்போது வரி கட்டச் சொல்கிறது. ஏன்?
- வாசகர், சேலம்

இரண்டு நிறுவனமும் தனித்தனியாக, உங்களுக்கு வேறு வருமானமே இல்லை என்று நினைத்துக் கணக்குப் போட்டதால். உங்கள் எண்களிலேயே பார்க்கலாம். முதல் ஆறு மாதம் 90,000 வீதம் 5.4 லட்சம், அடுத்த ஆறு மாதம் 1,40,000 வீதம் 8.4 லட்சம். பழைய நிறுவனம் வருடத்துக்கு 10.8 லட்சம் என்று எடுத்துக்கொண்டது, புதியது 8.4 லட்சம் என்று. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி இல்லை என்பதால் இருவரும் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் மொத்தம் 13.8 லட்சம். நிலைக்கழிவு 75,000 போக 13.05 லட்சம். வரி 75,750, செஸ் 4 சதவீதம் சேர்த்து 78,780. முன்கூட்டிக் கட்டாததற்கு வட்டியும் சேரும்.

இப்போது கட்டித்தான் ஆக வேண்டும். இனி மாறுபவர்கள், புது இடத்தில் சேர்ந்த முதல் மாதமே பழைய நிறுவனத்தின் சம்பளம், பிடித்த வரி, பிஎஃப் விவரத்தை அதற்குரிய படிவத்தில் கொடுத்துவிடுங்கள். மீதி மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவார்கள்.

தூத்துக்குடியில் படித்துவிட்டு சென்னையில் பன்னாட்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். என்னைவிட 20 வயது மூத்த மேனேஜரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. மெயில், சாட் எதிலும் எது மரியாதை என்றே புரியவில்லை.
- வாசகர், சென்னை

எல்லோரும் பெயர் சொன்னால் நீங்களும் சொல்லலாம். அங்கே அதுதான் வழக்கம். வாய் வராத முதல் சில வாரம் ‘சார்’ என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதே நிறுவனத்தின் தொழிற்சாலைப் பிரிவுக்கோ, அரசு அலுவலகம் ஒன்றுக்கோ போனால் ‘சார்’, ‘மேடம்’ கட்டாயம். அழைக்கும் சொல்லைவிட, அவர் நேரத்தை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதில்தான் மரியாதை தெரியும்.

சாட்டில் ‘ஹாய் சார்’ என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அவர் அரை மணி கழித்து ‘சொல்லுங்க’ என்பார். நீங்கள் சாப்பிடப் போயிருப்பீர்கள். ஒரே செய்தியில் முழுதும் எழுதுங்கள்: “வணக்கம். ஜூன் மாத இன்வாய்ஸ் ரிப்போர்ட்டில் 14 வரிகள் பொருந்தவில்லை. மூலத் தரவை மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டேன், அதே நிலைதான். இந்த 14-ஐ விட்டுவிட்டு 4 மணிக்குள் மீதியை அனுப்பட்டுமா, அல்லது சரிசெய்து நாளை காலை அனுப்பட்டுமா?” என்ன சிக்கல், நீங்கள் என்ன முயன்றீர்கள், அவர் எதை முடிவு செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. அவர் ஒரு வார்த்தையில் பதில் போடலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்.

இன்னொரு பழக்கத்தை முதல் மாதமே மாற்றிக்கொள்ளுங்கள். புரியாவிட்டாலும் ‘சரி சார்’ என்று தலையாட்டுவது. வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களை மறுபடி கேட்பது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டிருக்கலாம். அலுவலகத்தில் அந்தத் தலையாட்டலுக்கு ‘புரிந்தது, முடித்துத் தருகிறேன்’ என்று பொருள். அவர் சொல்லி முடித்ததும், “நான் புரிந்துகொண்டது இது: வெள்ளிக்கிழமைக்குள், தென்மண்டலக் கணக்கு மட்டும், எக்ஸெல்லில். சரிதானா?” என்று திருப்பிச் சொல்லுங்கள். வேலை வெள்ளிக்கிழமை முடியாது என்று புதன்கிழமை தெரிந்தால் புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் மேனேஜர்கள்கூட கடைசி நிமிடத்தில் சொல்வதைப் பொறுப்பதில்லை.

மெயிலில், வேலை செய்ய வேண்டியவர் ‘டூ’வில், தெரிந்துகொள்ள வேண்டியவர் ‘சிசி’யில். சக ஊழியர் பதில் தரவில்லை என்று முதல் நினைவூட்டலிலேயே அவருடைய மேனேஜரை சிசியில் சேர்ப்பது புகார் கொடுப்பதற்குச் சமம். ஒரு தடவை மெயில், ஒரு தடவை நேரில், அதற்கும் நடக்காவிட்டால் அவரிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள். குழுவில் ஒருவருக்குத் தமிழ் தெரியாதென்றால், அவர் இருக்கும்போது வேலைப் பேச்சு அவருக்கும் புரியும் மொழியில் நடக்கட்டும்.

நேர்காணலில் ‘கல்யாணம் எப்போது, குழந்தை பற்றி என்ன திட்டம்’ என்று கேட்கிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?
- வாசகி, ஈரோடு

இப்படிக் கேட்பது முறையல்ல. கேட்பவர் பயப்படுவது நீண்ட விடுப்பைப் பற்றி என்பதால், “இந்த வேலையின் நேரமும் பயணமும் எனக்குத் தெரியும், ஒத்துவரும் என்பதால்தான் விண்ணப்பித்தேன்” என்று வேலைப் பக்கம் பேச்சைத் திருப்புங்கள். மறுபடி துருவினால், “அது என் சொந்த விஷயம் சார்” என்று சொல்லலாம். அதற்கு மேலும் துருவும் இடத்தில், சேர்ந்த பிறகு உங்களை எப்படி நடத்துவார்கள் என்று இப்போதே தெரிந்துவிட்டது.

‘இரண்டு வருடம் குழந்தை பெற மாட்டேன்’ என்று எழுதி வாங்குவது செல்லாது. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு பெண்களின் சட்ட உரிமை. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதையும் சட்டம் தடுக்கிறது.

ஒரு ஆஃபரை ஏற்ற பிறகு அதைவிட நல்லது வந்துவிட்டது. முதல் நிறுவனத்துக்கு எப்படிச் சொல்வது? - வாசகர், வேலூர்

இன்றே சொல்லுங்கள், போனில் முதலில், பிறகு மெயிலில். “வேறு வாய்ப்பை ஏற்க முடிவு செய்துவிட்டேன், உங்கள் நேரத்துக்கு நன்றி, வருந்துகிறேன்” என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சேரும் நாளன்று போனை அணைத்துவைப்பதுதான் கெட்ட பெயர் தரும். அதே ஹெச்ஆர் நாளை நீங்கள் விரும்பும் நிறுவனத்தில் இருக்கலாம்.

‘லேப்டாப் டெபாசிட் 4,500 கட்டினால் ஆஃபர் லெட்டர் வரும்’ என்கிறார்கள். - வாசகி, நெல்லை

போலி. வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். டெபாசிட், பதிவு, பயிற்சி, சரிபார்ப்பு என்று என்ன பெயர் வைத்தாலும் சரி. பணம் அனுப்பிவிட்டிருந்தால் தயங்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணம் வேறு கணக்குக்கு மாறும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஆதார், பான் நகல் அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

வேலை மாறும்போது பழைய பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா? - வாசகர், தஞ்சாவூர்

மாற்றிக்கொள்ளுங்கள், எடுக்காதீர்கள். தொடர்ச்சியாக ஐந்து வருடம் ஆகும் முன் எடுத்தால் வரி உண்டு. 50,000-க்கு மேல் என்றால் பான் இருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கிலிருந்து போய்விடும். புது இடத்தில் பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியை ஏற்றாவிட்டால், அவர்கள் கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதாருடன் இணைத்த செல்போன் எண் இருந்தால் உறுப்பினர் தளத்தில் நீங்களே ஏற்றலாம். ஏற்றும் தேதி ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியோடு ஒத்துப்போக வேண்டும்.